பாட்டு நின்றால் பஸ் ஏறிவிட்டாள்

இப்போதைக்கு எனக்குப் பிடித்த பாட்டுகள் நான்கு. போன மாதம் ஆறு இருந்தன. இரண்டு சலித்துப்போய்த் தள்ளிவிட்டேன். பேர் கேட்டால் சொல்லத் தெரியாது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் பேச்சை முறித்துக்கொண்டோம். தமிழையே எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். இந்தப் பாட்டுகளுக்கோ பேரெல்லாம் இங்கிலீஷில் வைத்திருக்கிறார்கள். அதனால் போனில் பாட்டுக்குப் பக்கத்தில் வருகிற சின்னப் படம்தான் எனக்கு அடையாளம். மஞ்சள் கட்டம், நாய் படம், குடை பிடித்தவள், வெறும் கறுப்பு.

மஞ்சள் கட்டம் ராப் பாட்டு. பாடுகிறவள் சின்னப் பெண். மூச்சு விடாமல் பேசுகிறாள். ரேஷன் கடை வரிசையில் ஒருத்தி குறுக்கே புகுந்தால் பின்னால் நிற்கிறவள் எப்படிப் பிடித்துக்கொள்வாளோ, அந்த வேகம். யாரைத் திட்டுகிறாள் என்று முழுசாகப் பிடிபடவில்லை. ஆனால் நியாயம் அவள் பக்கம்தான் என்று தோன்றுகிறது. நாய் படம் எந்த நாட்டுப் பாஷையோ தெரியாது. ஏழெட்டுப் பையன்கள் சேர்ந்து பாடுகிறார்கள். அத்தனை பேரும் ஒரே கடையில் பவுடர் வாங்கியவர்கள் மாதிரி இருக்கிறார்கள். மூன்றாவதாக வருகிற குரலுக்கு மட்டும் கொஞ்சம் சளி. அந்தச் சளிக்காகவே அந்தப் பாட்டைக் கேட்பேன். குடை பிடித்தவள் தமிழில் பாடுகிறாள். மெதுவான பாட்டு. அவள் அழுவதில்லை, கேட்கிறவர்களிடம் அந்த வேலையை ஒப்படைத்துவிட்டுப் போய்விடுகிறாள். வெறும் கறுப்பு ராக் பாட்டு. கிடாரும் ட்ரம்ஸும் அடிபிடிச் சண்டை போட, ஒரு ஆள் தொண்டையில் மீன் முள் மாட்டியதுபோல் கத்துகிறான். இந்தக் கறுப்புப் பாட்டுதான் என்னைத் தெருவில் நிறுத்தியது. அதற்கு வருகிறேன்.

பாட்டுக்கு நான் மார்க் போடுவது காதை வைத்து மட்டுமல்ல, கையை வைத்தும்தான். பட்டாசு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே காகிதக் குழாய் உருட்டிக் கொடுக்கிறேன். கம்பியில் காகிதத்தைச் சுற்ற வேண்டும், ஓரத்தில் பசை தடவ வேண்டும், பலகையில் ஒரே இழுப்பாக இழுத்து உருவிப் போட வேண்டும். வெடிமருந்து வேலையெல்லாம் கம்பெனியில்தான் நடக்கும். வீட்டுக்கு வருவது வெறும் காகிதம். முன்பு நானும் வேனில் ஏறிக் கம்பெனிக்குப் போனவள்தான். கண்ணில் புரை விழுந்ததும் நிறுத்திக்கொண்டேன். மஞ்சள் கட்டம் ஒருமுறை ஓடி முடிவதற்குள் பதினான்கு குழாய் விழும். குடை பிடித்தவளுக்கு ஒன்பது தாண்டாது. நாய் படத்தில் நடுவே தாளம் மாறும். அந்த இடத்தில் ஒரு குழாயாவது கோணிக்கொள்ளும். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடியும் அதே பாட்டைத்தான் வைப்பேன்.

காலை ஏழரைக்குள் கம்பெனி வேன்கள் வந்து தெருவை அள்ளிக்கொண்டு போய்விடும். சிவகாசிப் பக்கம் ஒரு வேன், சாத்தூர் பக்கம் ஒரு வேன். அதற்குப் பிறகு தெருவில் மிச்சமிருப்பது நானும், எதிர்வீட்டுக்காரியும், கோழிகளும்தான். எதிர்வீட்டுக்காரிக்கு மூட்டுவலி. கோழிகளுக்கு என்னைப் பிடிக்காது. சாயங்காலம் வேன் திரும்பும் வரைக்கும் யாரிடமாவது பேச வேண்டுமென்றால் நான் பாட்டுக்காரர்களிடம்தான் பேச வேண்டும். பேசவும் செய்வேன். "மெதுவாப் பேசுட்டி, யாரும் ஓடிப்போகல" என்று மஞ்சள் கட்டத்துக்காரியிடம் சொல்லியிருக்கிறேன்.

இந்தப் பாட்டெல்லாம் எனக்கு வந்தது பேத்தியால். மகள் வயிற்றுப் பேத்தி. விருதுநகரில் காலேஜ் படித்த மூன்று வருசமும் என்னோடுதான் இருந்தாள். பிறகு சென்னையில் வேலை கிடைத்து ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். போகும்போது புதுப் போன் வாங்கிக்கொண்டு, மூலையில் கீறல் விழுந்த பழைய போனை எனக்குக் கொடுத்தாள். உருளையாக ஒரு ஸ்பீக்கரையும் விட்டுவிட்டுப் போனாள். ஸ்பீக்கரை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டேன். போனில் பாட்டுக் கேட்கிற ஆப் இருந்தது. எப்படி அமுக்குவது என்று சொல்லிக் கொடுத்திருந்தாள்.

ஒரு வாரம் ஒழுங்காக ஓடியது. பிறகு பாட்டு நடுவிலேயே நிற்க ஆரம்பித்தது. நன்றாகப் போய்க்கொண்டிருக்கும், திடீரென்று ஊமையாகிவிடும். நான் போனைத் தட்டினேன், முந்தானையால் துடைத்தேன், வெயிலில் கூட வைத்துப் பார்த்தேன். குழாய் காயவில்லை என்றால் வெயிலில்தானே வைப்போம், அந்தப் பழக்கம். கடைசியில் அவளிடமே கேட்டேன்.

"போன் கெட்டுப்போச்சு தாயி. பாதிப் பாட்டுல நின்னுருது."

"கெட்டுல்லாம் போகல அம்மாச்சி. ரெண்டு போன்லயும் இருக்கது என்னோட ஆப்புதான். ஒரு நேரத்துல ஒரு ஆளுதான் கேக்க முடியும். நான் இங்கன பாட்டுப் போட்டா ஒனக்கு அங்கன நின்னுரும்."

"அப்ப நான் போட்டா?"

"எனக்கு நின்னுரும். தெனமும் பஸ்ஸுல நிக்கத்தான செய்யுது. சரி, அம்மாச்சி பலகை முன்னால உக்காந்துருச்சுன்னு நெனச்சுக்கிடுவேன்."

"இம்புட்டு நாளா எங்கிட்டச் சொல்லல பாரு, கள்ளி."

அன்றிலிருந்து அந்த நிற்றல் எனக்குக் கடிகாரம் ஆனது. காலை எட்டேகாலுக்குப் பாட்டு நின்றால் பஸ் ஏறிவிட்டாள். மத்தியானம் ஒரு மணிக்கு நின்றால் சாப்பிட உட்கார்ந்துவிட்டாள். சாயங்காலம் ஆறரைக்கு நின்றால் வேலை முடிந்து திரும்புகிறாள். ஞாயிற்றுக்கிழமை போனில் பத்து நிமிசம் பேசுவாள். அதிலும் பாதி "வேற என்ன, வேற என்ன" என்றுதான் போகும். ஆனால் பாட்டு நிற்பது தினமும் உண்டு. எனக்கு நின்றதும் என் போனில் அவள் என்ன பாட்டுக் கேட்கிறாள் என்று படத்தோடு காட்டும். அப்படிப் பார்த்துப் பிடித்ததுதான் மேலே சொன்ன நான்கும். சில நாள் குறும்பு தலைக்கேறிவிடும். அவளால் என் பாட்டு நின்றதும் நான் உடனே அதைத் திரும்ப அமுக்குவேன். அங்கே அவளுக்கு நிற்கும். அவள் திரும்ப அமுக்குவாள். இப்படி நாலைந்து தடவை. ஒரு வார்த்தை பேசாமல் முந்நூறு மைல் தள்ளி இருந்துகொண்டு ஒருத்தியை ஒருத்தி கிள்ளிக்கொள்வது. அன்றைக்கு விழுகிற குழாய் அத்தனையும் கோணல்தான்.

அதை நானேதான் கெடுத்தேன்.

ஒரு வாரம் அவள் குடை பிடித்தவள் பாட்டையே போட்டுக்கொண்டிருந்தாள். எட்டேகாலுக்கும் அதுதான், ஒரு மணிக்கும் அதுதான். நேரமில்லாத நேரத்தில் பதினோரு மணிக்குக்கூட அதுதான். எனக்கு விசயம் புரிந்துவிட்டது. புரிந்தால் வாயை மூடிக்கொண்டிருக்கிற சாதி இல்லை நான். ஞாயிற்றுக்கிழமை அவள் கூப்பிட்டதும் முதல் பேச்சே அதுதான்.

"ஏ கழுத, அந்தக் குடைக்காரிய ஒரே நாள்ல எட்டுத் தடவ போட்டுருக்கியே. யாருட்டி அவன்?"

அவள் வாயைத் திறக்குமுன் நானே அடுத்ததையும் கேட்டேன்.

"கறுப்பா செவப்பா? மீச இருக்கா? குடையாச்சும் வாங்கிக் குடுத்தானா, இல்ல நனைய விட்டுட்டானா?"

சிரிப்பாள் என்று காத்திருந்தேன். எப்போதும் சிரிக்கிறவள்தான்.

"நீ அதெல்லாமா பாத்துக்கிட்டு இருக்க அம்மாச்சி?" என்றாள். குரல் தணிந்திருந்தது. "அடுப்புல பால் வச்சிருக்கேன், வைக்கவா" என்று வைத்துவிட்டாள். ஹாஸ்டலில் ஏது அடுப்பு, ஏது பால்? அதைக்கூடக் கேலி செய்ய வாய் வந்தது. போன் கட்டாகிவிட்டது.

அடுத்த ஞாயிறு அவள் ரொம்பப் பிரியமாகப் பேசினாள். பிரியமாகப் பேசினால்தான் எனக்குப் பயம்.

"அம்மாச்சி, ஒனக்குன்னு தனியா ஒண்ணு போட்டுத் தாரேன். இனிமே நீ பாட்டுக்கு நாள் பூராக் கேக்கலாம். நடுவுல நிக்காது."

"நின்னா என்ன தாயி, நிக்கட்டும்."

"இல்ல அம்மாச்சி, ஒனக்கும் தொந்தரவு, எனக்கும்" என்று ஆரம்பித்து, மீதியைச் சொல்லாமல் விட்டாள்.

அவள் சொல்லச் சொல்ல நான் அமுக்கினேன். புது ஆப் என் வயசைக் கேட்டது. இந்த வயசில் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று உள்ளதைச் சொல்லித் தொலைத்தேன். அவ்வளவுதான், வரிசையாகச் சாமிப் பாட்டாக அனுப்ப ஆரம்பித்தது. நானும் கும்பிடுகிறவள்தான். ஆனால் குழாய் உருட்டும்போது அத்தனை சாமியும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றால் கையில் பசையோடு எத்தனை தடவை கும்பிடுவது? மஞ்சள் கட்டத்தையும் நாயையும் குடைக்காரியையும் கறுப்பையும் ஒவ்வொன்றாகத் தேடிப் பிடிக்க எனக்கு மூன்று நாள் ஆனது.

பிறகு பாட்டு முழுசாக ஓடியது. ஆரம்பித்தது, நடுவுக்கு வந்தது, முடிந்தது. அடுத்தது ஆரம்பித்தது. எட்டேகால் ஆகும். நான் கையை நிறுத்திப் போனைப் பார்ப்பேன். அது பாட்டுக்குப் பாடும். பஸ் ஏறினாளா, ஏறவில்லையா? ஒரு மணிக்குச் சாப்பிட்டாளா, குடைக்காரியைக் கேட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறாளா? ஒன்றும் தெரியாது. மூன்று ஞாயிறு போனது. சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா, சரி வைக்கவா. நான்காவது ஞாயிறு அந்தப் பேச்சும் வரவில்லை. வேலை அதிகம் என்று ஒரு செய்தி மட்டும் வந்தது. வீட்டில் அம்புட்டுப் பாட்டு ஓடியும், அவ்வளவு அமைதியை நான் அதற்குமுன் கேட்டதில்லை.

அந்த வாரத்தில்தான் அலமாரியிலிருந்து ஸ்பீக்கரை எடுத்தேன். சத்தம் கூடினால் வீடு நிறைந்தாற்போல் இருக்கும் என்று ஒரு நினைப்பு. அதைக் காலி அரிசி டின் மேல் வைத்தேன். கறுப்புப் பாட்டைப் போட்டேன். மணி பதினொன்று இருக்கும். கிடாரும் ட்ரம்ஸும் ஓடி முடிந்தன. பிறகு ஒன்றுமில்லை. எப்போதும் அந்த இடத்தில் பாட்டு முடிந்தது என்று நினைத்து அடுத்ததற்குத் தள்ளிவிடுவேன். அன்றைக்குத் தள்ளாமல் பசைக் கிண்ணத்தைக் கழுவ எழுந்தேன்.

டும்மென்று ஒரு வெடி.

எங்கள் ஊரில் அந்தச் சத்தம் கேட்டால் யாரும் என்ன என்று யோசிப்பதில்லை. கால் முதலில் ஓடும், யோசனை பின்னால் வரும். நான் கையில் கிண்ணத்தோடு தெருவில் நின்றேன். அண்ணாந்து கிழக்கே பார்த்தேன், வடக்கே பார்த்தேன். புகை எந்தப் பக்கம்? எதிர்வீட்டுக்காரி மூட்டுவலியை மறந்து, ஒரு பக்கம் சீவிய தலையோடு ஓடி வந்தாள். அடுத்த தெருவிலிருந்து நான்கைந்து பேர் வந்துவிட்டார்கள். எல்லார் கண்ணும் வானத்தில்.

"எந்தக் கம்பெனி மதினி? எந்தப் பக்கம்?" என்றாள் எதிர்வீட்டுக்காரி. அவள் மருமகள் பட்டாசு கம்பெனியில் திரி சொருகுகிறாள். அவளுக்குப் போன் போட்டாள்.

போட்டு என்ன? கம்பெனிக்குள் போனைக் கொண்டுபோக முடியாது. கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். நான் வேலைக்குப் போன காலத்தில் ஒரு தடவை இப்படிப் பக்கத்தில் எங்கோ சத்தம் கேட்டு, எங்களை எல்லாம் வெளியே அனுப்பினார்கள். வாட்ச்மேன் அறையில் எங்கள் போன்கள் அத்தனையும் பைக்குள் கிடந்து ஒரே நேரத்தில் அடித்துக்கொண்டிருந்தன. அறை முழுக்க அழைப்பு. எடுக்க ஆள் இல்லை. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். இப்போது எதிர்வீட்டுக்காரியின் அழைப்பும் அப்படி ஒரு பைக்குள்தான் அடித்துக்கொண்டிருக்கும்.

அவள் மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். "எடுக்க மாட்டேங்குதா, எடுக்க மாட்டேங்குதா" என்று போனிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அப்போது என் வீட்டுக்குள்ளிருந்து ட்ரம்ஸ் ஆரம்பித்தது. கிடார் வந்தது. மீன் முள் மாட்டியவன் கத்தினான். பாட்டு முடியவே இல்லை. நடுவில் ஒரு வெடியைப் போட்டு, இரண்டு நிமிசம் சும்மா இருந்து பயம் காட்டிவிட்டு மறுபடியும் பாடுகிற பாட்டு அது. எல்லாரும் வானத்திலிருந்து கண்ணை இறக்கி என்னைப் பார்த்தார்கள். என் பாட்டுக்குப் பயந்து ஓடி வந்தவர்களில் நானும் ஒருத்தி என்று சொன்னால் யார் நம்புவார்?

"மதினி, பாட்டா அது?" என்றாள் எதிர்வீட்டுக்காரி.

நான் வாயைத் திறக்கப் போனேன். எதையாவது சொல்லிச் சிரிக்க வைத்துவிடலாம் என்று.

"சிரிக்காதீக. இன்னைக்கு மட்டும் சிரிக்காதீக. எனக்கு ஈரக்கொலையே அந்து போச்சு."

கிண்ணத்தில் இருந்த பசைத் தண்ணீர் என் காலில் ஊற்றிக்கொண்டிருந்தது. "தப்புதான் புள்ள" என்றேன். அவள் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். பகலில் அவள் கதவு சாத்தி நான் பார்த்ததில்லை.

உள்ளே போய்ப் பாட்டை நிறுத்தினேன். அந்த நிமிசம் போன் அடித்தது. பேத்தி.

"அம்மாச்சி! எங்க இருக்க? சத்தம் கேட்டுச்சாமே, தெரு குரூப்புல போட்டுருக்காக. நீ எங்க இருக்க?" அழுதுகொண்டிருந்தாள். வேலை இடத்தில், நாலு பேர் மத்தியில் அழுகிறாள் என்பது தெரிந்தது.

இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. உடனே நான் உண்மையைச் சொல்லவில்லை. "சத்தம் பெருசுதான் தாயி" என்று மட்டும் சொல்லிவிட்டு, ஒரு மூச்சு நேரம் அவளை அழ விட்டேன். எனக்காக அழுகிற அந்தச் சத்தம் காதுக்கு அவ்வளவு நன்றாக இருந்தது. அடுத்த மூச்சில், மண்ணில் உட்கார்ந்திருந்தவளின் முகம் கண்ணில் வந்தது.

"கம்பெனி இல்ல தாயி. நாந்தான். ஒன் ஸ்பீக்கரு. அந்தக் கத்துற பய பாட்டு. நடுவுல ஒரு வெடி வருது பாரு, அது."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். பிறகு சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாகி, மறுபடியும் சிரிப்பாகி, கடைசியில் கோபமாக வந்து நின்றது. "அந்த ஸ்பீக்கரைத் தூக்கிப் பரண்ல போடு. குரூப்புல நானே சொல்லிருதேன். எதுத்த வீட்டு அத்தைட்டப் போயி மன்னிப்புக் கேளு."

"கேட்டுட்டேன். கதவச் சாத்திட்டா." பிறகு, அதுவரை ஒருநாளும் எனக்கென்று எதையும் கேட்காதவள், கேட்டேன். "தாயி, அந்தப் பழைய மாதிரியே வச்சுக்கிடுவமா? ஒன்னோடதுலயே நானும். நடுவுல நின்னாத்தான் எனக்கு நல்லாருக்கு. நின்னாத்தான் நீ பஸ் ஏறிட்டன்னு எனக்குத் தெரியும். இனிமே எதையும் பாக்க மாட்டேன். பாத்தாலும் பேச மாட்டேன்."

"பேசாம இருந்துருவ?"

"செத்தாலும் பேச மாட்டேன்."

"வேண்டாம் அம்மாச்சி" என்றாள். கோபம் போயிருந்தது. "ஒன் மேல ஒண்ணும் இல்ல. எனக்குன்னு ஒண்ணு இருக்கட்டும். நான் எத்தன தடவ கேட்டேன்னு யாருக்கும் தெரியாம, நான் மட்டும் கேக்குறதுக்கு."

 அவள் சொன்னது எனக்குப் புரியாமல் இல்லை. புரிந்ததுதான் கஷ்டமாக இருந்தது.

"நீ கேக்குறதுல பிடிச்சத எனக்கு அனுப்பு" என்றாள். "நேரம் கெடைக்கும்போது கேக்குறேன்."

சாயங்காலம் வேன் வந்தது. எதிர்வீட்டுக்காரி தெரு முனை வரைக்கும் போய் மருமகளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தாள். அந்தப் பெண்ணோ போனில் வந்து கிடந்த அழைப்புகளைப் பார்த்துக்கொண்டே, "என்ன அத்தை, என்னாச்சு?" என்று கேட்டுக்கொண்டே நடந்தாள். மாமியார் பிடித்த கையை விடவில்லை. என் வீட்டுப் பக்கம் திரும்பவும் இல்லை. அவள் என்னிடம் பேச ஐந்து நாள் ஆனது. பேசியதும், "இன்னைக்கு என்ன வெடி மதினி?" என்றாள். அதை நான் வாங்கிக்கொண்டேன்.

பேத்திக்கு என்ன பாட்டு அனுப்புவது என்று எனக்கு ஒரு வாரம் பிடித்தது. அவளிடமிருந்து பிடித்த நான்கையும் அவளுக்கே அனுப்ப முடியாது. குடைக்காரியை அனுப்பினால் குத்திக் காட்டுவது மாதிரி. நானாகத் தேடினேன். கண்ட கண்ட பாட்டெல்லாம் கேட்டேன். கடைசியில் ஒன்று கிடைத்தது. யாரோ ஒரு பையன், நடுவில் வார்த்தை மறந்தவன் மாதிரி கொஞ்ச நேரம் வெறுமனே முனகுகிறான். பாதி முனகலில் அவனுக்கே சிரிப்பு வந்துவிடுகிறது. அதையும் வெட்டாமல் அப்படியே பாட்டில் விட்டுவைத்திருக்கிறார்கள். பன்னிரண்டு குழாய்ப் பாட்டு. எனக்கு யாரும் காட்டாமல் நானாகக் கண்டுபிடித்த முதல் பாட்டு. அனுப்பினேன்.

முதல் நாள் ஒன்றும் வரவில்லை. இரண்டாம் நாளும் இல்லை. மூன்றாம் நாள் காலையில் போன் ஒரு சிணுங்கல் சிணுங்கியது. கையிலிருந்த பசையைத் துடைத்துவிட்டு எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

"பாதி கேட்டேன் அம்மாச்சி. நல்லாருக்கு. மீதி அப்புறம்."

எந்தப் பாதி? சிரிப்பு வரைக்கும் வந்தாளா, அதற்கு முன்னாலேயே நிறுத்திவிட்டாளா? நிறுத்தியது யார், எதற்கு? பேசி அனுப்புகிற பட்டனில் என் விரல் போய் உட்கார்ந்துவிட்டது. வாய்க்குள் கேள்வி வரிசையாக வந்து நின்றது.

விரலை எடுத்தேன். அடுத்த காகிதத்தைக் கம்பியில் சுற்றினேன்.